பெர்த்தாம்: பனைக்கும் ஆற்றுக்கும் ஒரே பெயர்

கேமரன் மலையின் பெயர்களைக் கூர்ந்து கேட்டால் வந்து போனவர்களின் வரிசை தெரியும். 1885இல் நிலம் அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. ஓர் அருவிக்கு ராபின்சன் என்று பெயர். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தின் பெயர், சீனத்து ஃபூஜியன் மாநிலத்தின் வூயி மலையை வெள்ளைக்காரர் 'போஹி' என்று அழைத்ததிலிருந்து வந்தது. நம் 'தேயிலை'யில் உள்ள 'தே'யும் அதே ஃபூஜியன் மக்களின் பேச்சுதான். கூடை சுமந்த தமிழர்கள் நாள்தோறும் சொன்ன இரண்டு சொற்களும் ஒரே சீமையிலிருந்து கடல் கடந்து வந்தவை.

இம்மலையிலுள்ள லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கின் பெயர் அப்படியன்று. அது இந்த மண்ணில் முளைத்த சொல்.

மலாயில் 'லெம்பா' என்றால் பள்ளத்தாக்கு. 'பெர்த்தாம்' ஒரு காட்டுப்பனை. நம் ஊர்ப் பனைபோல் அது நெடிது உயராது. தண்டு மண்ணோடு மண்ணாகக் கிடக்க, முள் நிறைந்த மட்டைகள் புதராக மேலெழும். அதன் ஓலை கூரைக்கு ஆகும். மட்டையைச் சீவி ஊதுகுழல் அம்பு செய்வது பூர்வகுடிகளின் வழக்கம். இந்தப் பனையின் பூந்தேன் மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். எலியளவே உள்ள ஒரு மரவாழ் பிராணி இரவுதோறும் அதைக் குடித்தும் தள்ளாடுவதில்லை என்று பேராக் காட்டில் ஆய்ந்தவர்கள் 2008இல் எழுதினார்கள்.

இப்பெயர் இந்தப் பள்ளத்தாக்குக்கு மட்டும் உரியதன்று. மலாக்காவிலும் பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் பக்கத்திலும் பெர்த்தாம் உண்டு. பரமேஸ்வரா மலாக்காவில் நிலைகொண்ட கதையை எழுதிய போர்த்துகீசியர் தோமே பிரேஸ், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்பெயரைக் குறித்திருக்கிறார். தில்லை மரத்தால் தில்லையையும் கடம்பால் கடம்பூரையும் பெற்ற நமக்கு இது அந்நியமான வழக்கமில்லை.

கேமரன் மலையில் இப்பெயர் முதலில் ஆற்றைச் சேர்ந்து, பிறகே பள்ளத்தாக்குக்கு வந்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சுங்கை பெர்த்தாம் தானா ராத்தா, ஹாபு வழியாக ரிங்லெட்டுக்கு இறங்குகிறது. இயல்பாக ஓடவிட்டால் தெலோமில் சேர்ந்து, ஜெலாய் வழியே பகாங் ஆறாகித் தென்சீனக் கடலை அடையும். 1960களின் தொடக்கத்தில் ரிங்லெட்டில் சுல்தான் அபூபாக்கார் அணை எழுந்தது. தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் பாய்ந்து, ஜோரிலுள்ள சுல்தான் யூசுப் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுப் பேராவின் பாத்தாங் பாடாங் ஆற்றில் விழுகிறது. பகாங்கின் தண்ணீர் இப்படி மலாக்கா நீரிணைப் பக்கம் போய்விட்டது. அணைக்குக் கீழே ஆற்றின் பெயர் இருந்தது, தண்ணீர் குறைந்தது.

மெலிந்த ஆற்றின் கரையை மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள். வீடுகள், காய்கறிப் பாத்திகள், அந்நியத் தொழிலாளர்களின் கொட்டகைகள் எல்லாம் தண்ணீரை ஒட்டியே எழுந்தன. மேலே சரிவுகளை மொட்டையடித்து நெகிழிக் கூரைத் தோட்டங்கள் பரவின. வேர்ப்பிடிப்பு இழந்த மண் மழைக்குக் கரைந்து அணையில் படிந்தது. நீர் நிற்க வேண்டிய இடத்தில் சேறு நின்றால், பெருமழையில் மதகைத் திறப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் நடந்தது அதுதான். திறந்துவிட்ட நீர் சேறும் மரமுமாக லெம்பா பெர்த்தாமுக்குள் பாய்ந்தது. வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரிலும் இப்பக்கத்தில் வெள்ளமும் மண்சரிவும் உயிர் குடித்தன.

இதை இயற்கைச் சீற்றம் என்று சொல்லிக் கடப்பது அநியாயம். மழை பழையது, ஆறும் பழையது. புதியவை மொட்டை மலையும் அடைபட்ட கரையும் மட்டுமே. குடியிருக்க வேறிடம் கிடைக்காத ஏழைகளைக் கரையில் விட்டுவிட்டு அவர்களையே குறைசொல்வதும் தகாது. மேட்டில் வீட்டுமனை கொடுங்கள். சரிவுகளில் மரம் வெட்டுவதை நிறுத்துங்கள். சுங்கை பெர்த்தாமின் இரு கரைகளையும் ஆற்றுக்கே விடுங்கள்.