தரவுப் புலங்களின் வரலாறு: புதுச்சேரிப் பதிவேடு முதல் விற்பனை மென்பொருள் வரை

ஒரு பொருளை வாங்கக்கூடும் என்று கருதப்படும் நபரின் விவரத்தை விற்பனைத் துறையில் 'லீட்' என்பர். சந்தைப்படுத்தல் மென்பொருளில் இவ்விவரம் பெயர், தொலைபேசி எண், ஊர், தேவை எனப் பல கட்டங்களாகப் பிரித்துச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு தரவுப் புலம் ஆகும். எந்தப் புலங்கள் இருக்க வேண்டும், எவை கட்டாயம், எவற்றில் பட்டியலிலிருந்து மட்டுமே தெரிவு செய்யலாம் என்பதை மென்பொருளை அமைப்பவர் முடிவு செய்கிறார். சிறிய வேலையாகத் தோன்றும் இம்முடிவுக்கு நீண்ட வரலாறு உண்டு. பெயர் எழுதும் கட்டம் ஒன்று மனிதரின் வாழ்க்கையையே மாற்றிய ஊர்களில் புதுச்சேரியும் ஒன்று.

நாட்குறிப்பும் பேரேடும்

பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளேயிடம் தலைமைத் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, வணிகர் பேச்சு, அரசியல் செய்தி ஆகிய யாவும் அதில் நாள் வரிசையில் உள்ளன. ஒரு குறிப்பிட்ட வணிகரைப் பற்றி மட்டும் அறிய விரும்புபவர் பல ஆண்டுப் பக்கங்களைப் புரட்ட வேண்டும்.

கணக்கியலில் இச்சிக்கலுக்குத் தீர்வு உண்டு. அன்றாட நடவடிக்கைகள் முதலில் நாள் வரிசைப்படி குறிப்பேட்டில் எழுதப்படும். பின்னர் அவை பேரேட்டுக்கு மாற்றப்படும். பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு. இன்றைய விற்பனை மென்பொருளின் அடிப்படையும் இதுவே: ஒருவருக்கு ஒரு பதிவு, அப்பதிவுக்குள் புலங்கள். ஆகவே, 'அந்த ஒருவர் யார்' என்பதை எந்தப் புலத்தைக் கொண்டு அடையாளம் காண்பது என்பதே முதல் கேள்வி.

1881ஆம் ஆண்டு ஆணை

தமிழரின் பெயர் மரபில் குடும்பப் பெயர் பொதுவாக இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். தன் பெயர் பின்னால் வரும். பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடோ தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயரை எதிர்பார்த்தது.

1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட பிரெஞ்சு ஆணை, இந்தியப் பிரெஞ்சுப் பகுதிகளில் வாழ்ந்த 21 வயது நிறைந்தவர்கள் தங்கள் சாதி, சமயம் சார்ந்த தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர வழிசெய்தது. எச்சாதியினரும் எச்சமயத்தவரும், ஆண், பெண் இருபாலரும் இதைச் செய்யலாம். துறந்தவர் ஒரு குடும்பப் பெயரைத் தெரிவு செய்து பதிய வேண்டும். அதன்பின் முடிவை மாற்றிக்கொள்ள இயலாது.

இவ்வியக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காக எதிர்ப்பைச் சந்தித்து, பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றவர் அவர். அவர் ஏற்ற குடும்பப் பெயர் லபோர்த். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று பொருள். சாதிப் பெயரை விட்டுச் சமநிலை தேடியவர்களுக்குப் பதிவேட்டின் அந்தக் கட்டம் உண்மையாகவே ஒரு கதவாக இருந்தது.

1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியோர் எழுத்து மூலம் தெரிவிக்க ஆறு மாத அவகாசம் தந்தது. அதன்பிறகு ஒருவரின் குடியுரிமையை நிறுவப் பிறப்பு, திருமணப் பதிவுகள் தேவைப்பட்டன. அங்கே எழுத்துக்கூட்டலும் சிக்கலானது. 'முத்து' என்பதன் உகர ஒலிக்கு ஆங்கில முறையில் 'யு' என்னும் ஓரெழுத்து போதும். பிரெஞ்சு முறையில் 'ஓ', 'யு' என ஈரெழுத்து வேண்டும். ஒரே மனிதர் இரு ஆவணங்களில் இரண்டு பேராகத் தோன்ற இதுவே போதும்.

அட்டையிலிருந்து மென்பொருளுக்கு

இதே காலத்தில் அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் உருவாக்கிய துளை அட்டைகள் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பயன்பட்டன. அட்டையில் ஒவ்வொரு விவரத்துக்கும் நிலையான இடம் உண்டு. அந்த இடத்தில் அடங்காத விவரத்துக்கு அட்டையில் இடமில்லை. 1970இல் எட்கர் காட் முன்வைத்த உறவுசார் தரவு மாதிரி, வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாகத் தரவை ஒழுங்குபடுத்தியது.

விற்பனையாளர்களுக்கான தொடர்பு மேலாண்மை மென்பொருளான 'ஆக்ட்' 1987இல் வந்தது. சீபெல் 1993இலும், இணையவழியே இயங்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் 1999இலும் தொடங்கப்பட்டன. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் சோகோ எனப் பெயர் மாறிய, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் 2005இல் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருளை வெளியிட்டது.

சேல்ஸ்ஃபோர்ஸின் லீட் படிவத்தில் இயல்பாகவே கட்டாயமாக உள்ள புலங்களில் இரண்டு: கடைசிப் பெயர், நிறுவனம். நிறுவனங்களுக்கு விற்பவரையும், மேலைநாட்டுப் பெயர் மரபையும் மனத்தில் கொண்ட ஏற்பாடு இது. 1881இன் பதிவேடு கேட்ட குடும்பப் பெயரைத் திரையும் கேட்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என அறிவித்தது. பின்னர், கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கப்படும் என விளக்கம் தந்தது. வெற்றுக் கட்டம் ஒன்று பயணத்தையே நிறுத்தக்கூடும் என்பதற்கு இது அண்மைச் சான்று.

வைத்திக்குப்பத்தில் ஒரு படிவம்

புதுச்சேரி நகரின் கடலோர மீனவர் பகுதியான வைத்திக்குப்பம், மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் இடமாகும். படகு என்ஜின் விற்கும் கடை ஒன்று இங்குள்ளவர்களிடம் லீட் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோவிந்தசாமி மகன் முருகன் விசாரிக்கிறார்.

கடைசிப் பெயர் கட்டாயம் என்பதால் அங்கே 'கோவிந்தசாமி' என்று நிரப்பினால், மென்பொருள் அனுப்பும் கடிதம் 'அன்புள்ள திரு. கோவிந்தசாமி' என்று தொடங்கும். மறைந்துபோன தந்தைக்கு மகன் வீட்டில் விளம்பரம் வந்து சேரும். நிறுவனம் என்ற புலத்தில் எழுத அவரிடம் எதுவும் இல்லை. ஊழியர் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்வார். கட்டாயப்படுத்தியதால் புலம் நிரம்பும். அதில் தகவல் இருக்காது.

இத்தகைய கடைக்கு 'முழுப்பெயர்' என ஒரே புலமும், 'எப்படி அழைக்கலாம்' என விருப்பப் புலம் ஒன்றும் போதும். கடைசிப் பெயரின் கட்டாயத்தை மென்பொருளில் நீக்க இயலாவிட்டால், அங்கே 'முருகன்' என்றும் முதற்பெயரில் 'கோ.' என்றும் எழுதலாம். தொலைபேசி எண்ணை எழுத்துத் தரவாகச் சேமிக்க வேண்டும். எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள கூட்டல் குறியும் சுழியமும் அழியும். ஒரே பெயரில் பலர் வாழும் குப்பத்தில், இரட்டைப் பதிவைக் கண்டறிய உதவும் புலமும் இதுவே. ஆனால் ஒரே கைபேசியைக் குடும்பமே பயன்படுத்துவதும் உண்டு. எண் ஒத்துப்போனால் பெயரையும் சரிபார்த்த பின்னரே பதிவுகளை இணைக்க வேண்டும்.

மாநிலம் என்ற புலத்திலும் கவனம் தேவை. 2006இல் பாண்டிச்சேரியின் பெயர் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. தட்டச்சு செய்யவிட்டால் பாண்டி, பாண்டிச்சேரி, புதுவை, புதுச்சேரி என நான்கு மாநிலங்கள் உருவாகும். எனவே தெரிவுப் பட்டியல் வேண்டும். அதிலும் 'புதுச்சேரி' என்பது மட்டும் போதாது. ஒன்றியப் பகுதியின் மாஹே கேரளக் கரையிலும், ஏனாம் ஆந்திரப் பகுதியிலும் உள்ளன. மாஹேயின் அஞ்சல் குறியீடு 673 என்றும், ஏனாமின் குறியீடு 533 என்றும் தொடங்கும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் அது ஜூன் மாதத்தில்தான் தொடங்கும். படகைக் கரையேற்றி என்ஜினைப் பழுதுபார்க்கும் காலம் அது. மாநிலத்தை மட்டும் வைத்து அழைப்பவர் மாஹே படகுக்காரரைத் தவறான மாதத்தில் அழைப்பார். ஆகவே பிராந்தியம், குப்பம் ஆகிய இரண்டும் தனிப் புலங்களாக வேண்டும்.

ஒப்புதல் என்னும் புதிய புலம்

இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, ஒப்புதலின்பேரில் திரட்டும் தரவு குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான அளவில் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அவற்றுள் ஒன்று. எனவே எதற்காக, எந்த நாளில் ஒப்புதல் தரப்பட்டது என்பதற்கும் புலங்கள் தேவை. ஒவ்வொரு புலத்தையும் சேர்க்கும்முன் 'இதை வைத்து என்ன செய்யப் போகிறோம்' என்று கேட்டு, விடையில்லாததை விட்டுவிடுவது சட்டத்துக்கும் விற்பனைக்கும் ஒருங்கே உகந்தது.

1881இல் புதுச்சேரி மக்கள் பதிவேட்டின் கட்டத்துக்கு ஏற்பத் தங்கள் பெயரை மாற்றினர். மாறியதால் சிலர் உரிமை பெற்றனர். ஆயினும் மாற வேண்டியவர் மனிதராகவே இருந்தார். காகிதத்தில் அச்சிட்ட கட்டத்தை மாற்றுவது அன்று அரிது. இன்று அமைப்புப் பக்கத்தில் சில நொடிகளில் ஒரு புலத்தைச் சேர்க்கலாம், நீக்கலாம், கட்டாயத்தைத் தளர்த்தலாம். வைத்திக்குப்பத்து முருகன் தன் பெயரைத் தன் வழக்கப்படியே எழுதப் படிவத்தில் இடம் இருக்கிறதா என்பது இன்று அதை அமைப்பவரின் பொறுப்பாகும்.