காமாக் கதிர் வெடிப்புகளும் நியூத்திரன் உடுக்களின் இணைவும்

காமாக் கதிர் வெடிப்பு என்பது, கட்புல ஒளியைவிடப் பன்மடங்கு சக்தி மிக்க காமாக் கதிர்கள் வானின் ஒரு திசையிலிருந்து சில கணங்களோ நிமிடங்களோ பாய்ந்து அடங்கும் நிகழ்வாகும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க ஐக்கிய அமெரிக்கா ஏவிய வேலா செய்மதிகள் 1967 ஜூலை 2 அன்று இதனை முதலில் பதிவுசெய்தபோதிலும், 1973 வரை செய்தி வெளியிடப்படவில்லை. ஏறத்தாழ 2 செக்கன்களுக்குக் குறைந்த வெடிப்புகள் தனி வகை என்பது 1993இல் நிறுவப்பட்டது. நீண்டவை பேருடுக்களின் அழிவோடு பின்னர் இணைக்கப்பட்டன, குறுகியவையோ புதிராகவே நீடித்தன.

அப்புதிருக்கான ஒரு விடையை, இவ்வகைப்பாட்டுக்கு முன்னரே 1989இல் வானியற்பியலாளர் ஐக்லரும் அவருடைய கூட்டாளிகளும் முன்வைத்திருந்தனர்: ஒன்றையொன்று சுற்றும் இரு நியூத்திரன் உடுக்கள் வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளான ஈர்ப்பலைகளாகச் சக்தியை இழந்து, நெருங்கி, இறுதியில் மோதி இணைகின்றன. நியூத்திரன் உடு என்பது சூரியனைவிடச் சற்று மிகுந்த திணிவு ஏறக்குறைய 20 கிலோமீற்றர் விட்டத்துள் ஒடுங்கிய, அழிந்த பேருடுவின் எச்சமாகும். எரிந்து தீர்ந்த உடுவின் எச்சமான வெண்குறளி உடுவின் திணிவுக்கு உச்ச எல்லை உண்டு என்பதைச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930களின் தொடக்கத்தில் காட்டியமை, இத்தகைய எச்சங்களைப் பற்றிய சிந்தனைக்கு வழிவகுத்தது.

இத்தகைய இணைவின் ஈர்ப்பலை கருவிகளின் இரைச்சலுள் புதைந்தே வந்துசேர்வதால், அதன் வடிவத்தை முன்கூட்டியே கணித்து வைத்துக்கொண்டு தேடுவதே முதன்மையான வழி. இயற்பியலாளர்களான சத்தியப்பிரகாசும் துரந்தரும் 1991இல் இத்தேடல்முறையை வகுத்ததும், பாலா ஐயர் உள்ளிட்டோர் 1995இல் அலைவடிவத்தை நுணுக்கமாகக் கணித்ததும் பரவலாகப் பேசப்படுவதில்லை. ஆயினும் 2017இல் நிகழ்ந்த கண்டுபிடிப்பின் அத்திவாரத்தில் அவற்றுக்கும் பங்குண்டு.

2017 ஆகஸ்ட் 17 அன்று, இலங்கையில் மாலை 6.11 ஆகியிருந்த வேளையில், லைகோ, வேர்கோ ஆகிய ஈர்ப்பலை அவதானிப்பு நிலையங்களை ஏறத்தாழ 100 செக்கன்கள் நீடித்த ஈர்ப்பலை கடந்து முடிந்தது, 1.7 செக்கன்களின் பின் ஃபெர்மி செய்மதி குறுகிய காமா வெடிப்பொன்றைப் பதிவுசெய்தது. பதினொரு மணித்தியாலத்துக்குள் சிலியிலுள்ள சுவோப் தொலைகாட்டி, அம்மாலையில் இலங்கையின் தென்மேற்கு வானில், சித்திரை நட்சத்திரத்துக்குத் தெற்கே நின்ற என்ஜிசி 4993 உடுத்திரளில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தூரத்தைக் கடந்தும் ஈர்ப்பலையும் காமாக் கதிரும் இவ்வளவு நெருக்கமாக வந்தமையால், ஈர்ப்பலையும் ஒளியின் வேகத்திலேயே செல்கிறது என்பது உறுதியானது. ஒளிப்புள்ளி நீல நிறத்திலிருந்து விரைவில் சிவந்தமை, பொன், பிளாற்றினம் போன்ற பாரமான மூலகங்கள் இம்மோதலில் உருவாகின்றன என்ற கருத்துக்கு வலுச்சேர்த்தது.

அருகில் நிகழ்ந்தும் இவ்வெடிப்பு வழமைக்கு மாறாக மங்கலாயிருந்தது. புனேக்கு அருகிலுள்ள மீற்றரலை வானொலித் தொலைகாட்டியும் பங்கேற்ற தொடர் அவதானிப்புகள், வெடிப்பின் ஒடுங்கிய கதிர்க்கற்றை புவியை நேராக நோக்கவில்லை என்ற விளக்கத்துக்கு இட்டுச்சென்றன. 2021 டிசம்பரில் சுமார் 50 செக்கன்கள் நீடித்த வெடிப்பொன்றிலும் இணைவுக்குரிய அதே சிவந்த ஒளி தென்பட்டதால், 2 செக்கன் எல்லை இனிப் போதுமான பாகுபாடன்று.