குவாதலூப்: பீச்சுக்குப் போகும் முன்

கரீபியன் டூர் போடும் நம்மவர்கள் குவாதலூப்பையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுத் தீவு. சேன் பிரான்சுவாவில் அருமையான பீச். ஆனால் நம் ஜனங்கள் அங்கே முதலில் போனது உல்லாசத்துக்கு இல்லை.

1848-ல் பிரான்சு அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவை. பாண்டிச்சேரி, காரைக்காலில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஆளேற்றினார்கள். முதல் கப்பல் 'ஒரேலி' 1854 டிசம்பர் கடைசியில் போய்ச் சேர்ந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர். எங்கள் காளஹஸ்தி மாதிரியே தமிழும் தெலுங்கும் கலந்த கூட்டம்! ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை தர மறுத்தார்கள். கப்பெஸ்தேர்க்காரர் ஹென்றி சிதம்பரம் 1904-ல் வழக்கில் இறங்கினார், தீர்ந்தது 1923-ல். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு அந்த 19 வருடத்தின் கனம் தெரியும்.

தமிழ்ப் பேச்சு போய்விட்டது. மாரியம்மன் மட்டும் 'மாலியெமென்' ஆகி, மதுரை வீரனோடு தங்கிவிட்டாள். கப்பெஸ்தேரில் ஷாஞ்சி கோயிலைக் கோபுரத்தோடு பார்க்கலாம். ஓட்டலில் 'கொலம்போ' என்று கேளுங்கள், மசாலா மணக்கும் கறி வரும். குழம்புதான் அப்படி ஆனது என்பாரும் உண்டு.