நானூறு வங்கிகள் இருந்த தீவு

பசிபிக் பெருங்கடலில் உள்ள நவ்ருவின் பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ பத்தாயிரம். பாஸ்பேட் வளம் வற்றத் தொடங்கியபின் அந்நாடு வங்கி உரிமங்களை விற்றுப் பிழைத்தது. 1990களின் இறுதியில் ஏறக்குறைய 400 வங்கிகள் அங்கே பதிவாகியிருந்தன. கட்டடமோ காசாளரோ கிடையாது. அனைத்திற்கும் ஒரே அரசு முகமையின் முகவரிதான். நம்மிடையே ‘லெட்டர்பேட் கட்சி’ என்பார்களே, அவ்வகை வங்கிகள். 1998ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 7,000 கோடி டாலர் ரஷ்யாவிலிருந்து இவ்வழியே வெளியேறியதாக ரஷ்ய மத்திய வங்கி குற்றஞ்சாட்டியது.

1989இல் ஏழு பணக்கார நாடுகளின் பாரிஸ் உச்சிமாநாட்டில் உருவான நிதி நடவடிக்கைக் குழு, 2000 ஜூனில் ஒத்துழையாத 15 நாடுகளின் பட்டியலை வெளியிட்டது. நவ்ரு அதில் இடம்பெற்றது. 2001இல் அது அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. போதாது என்று கூறி அவ்வாண்டு டிசம்பரில் எதிர்நடவடிக்கைகள் அறிவிக்கப்பட்டன. (இந்தியாவின் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2005 ஜூலையில்தான் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.) பெயர்ப்பலகை வங்கிகளை ஒழித்த பின்னரே, 2005 அக்டோபரில் நவ்ரு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அச்சுறுத்தலால் வங்கிகளை மூடச் செய்யலாம். சந்தேகப் பரிவர்த்தனையை ஆராயும் அலுவலரை உருவாக்க இயலாது. வழக்கறிஞர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டில் அதைச் செய்ய முயன்றது, 1997இல் 13 உறுப்பினர்களுடன் பாங்காக்கில் தொடங்கப்பட்டு, சிட்னியில் செயலகம் கொண்டிருக்கும் ஆசிய பசிபிக் குழு. இதில் நவ்ருவும் இந்தியாவும் உறுப்பினர்கள். பாரிஸ் அமைப்பில் நவ்ருவுக்கு இன்றும் தனி இருக்கை இல்லை. அதன் குரல் அங்கே எட்டுவது இந்த வட்டாரக் குழுவின் வழியாகவே. உறுப்பு நாடுகளின் சட்ட, நிதி, காவல்துறை அலுவலர்களே குழுவாகச் சென்று இன்னொரு நாட்டை மதிப்பிடுகின்றனர். வரைவறிக்கையை ஆண்டுக்கூட்டத்தில் அந்நாடு மறுத்து வாதிடலாம். குறை உறுதியானால் எந்தப் பயிற்சிக்கு யார் உதவுவது என்பதும் அக்குழுவுக்குள்ளேயே பேசப்படுகிறது. ஆசிரியரும் தேர்வாளரும் ஒருவரே என்ற சங்கடம் இம்முறையில் உண்டு. எனினும் தொலைவிலிருந்து வரும் தீர்ப்பைவிட, நாளை தானும் மதிப்பிடப்படப்போகும் அண்டை நாட்டவரின் கேள்வி நியாயமானது என்பது என் கருத்து.

நவ்ரு பற்றிய அக்குழுவின் மதிப்பீட்டறிக்கை 2012இல் வெளிவந்தபோது தீவில் ஒரு வங்கிகூட இயங்கவில்லை. அரசு வங்கி முன்னரே நொடித்துப்போயிருந்தது. மக்கள் ரொக்கத்தை வீட்டில் வைத்து வாழ்ந்தனர். வாடிக்கையாளரின் அடையாளத்தை வங்கி சரிபார்க்க வேண்டும் என்னும் உலகத் தரநிலையை, வங்கியே இல்லாத நாட்டில் வைத்து அளக்க வேண்டியிருந்தது! சட்டத்தைத் திருத்த வட்டாரக் குழுவால் உதவ முடிந்தது. ஆனால் ஆதாயம் குறைந்த, பெயர் கெட்ட ஒரு தீவுக்கு வருமாறு எந்த வங்கியையும் பணிக்க அதற்கு அதிகாரமில்லை. பட்டியலிலிருந்து பெயர் நீங்கி ஏறக்குறைய பத்தாண்டுகள் கழித்து, 2015இல்தான் ஓர் ஆஸ்திரேலிய வங்கியின் முகவர் நிலையம் அங்கே திறக்கப்பட்டது.