கைபிடித்து நடத்துவோர்: திமிஷ்க் முதல் ஆய்க்குடி வரை



கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் என்றதும் திமிஷ்க் நகரின் உமையாப் பெரிய பள்ளிவாசலே நம் நினைவுக்கு வரும். ஹிஜ்ரி 86 முதல் 96 வரை (கி.பி. 705–715) ஆண்ட அவருடைய இன்னொரு செயலையும் இமாம் தபரீ பதிந்துள்ளார், நம் மிம்பர்களில் அது அதிகம் பேசப்படுவதில்லை. தொழுநோயாளர் பிறரிடம் கையேந்தாதிருக்க அவர்களுக்கு உதவித்தொகை வழங்கினார். நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளரையும், பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழித்துணைவரையும் நியமித்தார். காசு கொடுத்ததோடு நில்லாமல் ஆளையும் கொடுத்தார் என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

அவருக்கு முன்பே நபி (ஸல்) அவர்கள், பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முஅத்தினாகவும், தாம் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவில் தம் பிரதிநிதியாகவும் அமர்த்தியிருந்தார்கள்.

இவையெல்லாம் வளர்ந்தோருக்கான ஏற்பாடுகள். பிறந்து ஓராண்டாகியும் தலை நிற்காத குழந்தைக்கு அன்பான பணியாளர் மட்டும் போதாது. அதற்கெனப் பயின்றவர் வேண்டும். அத்தகையோரை வீட்டு வாசலுக்கே அனுப்பும் அமைப்பொன்று நம் தென்காசிச் சீமையில் உருவான வரலாறு அறியத்தக்கது.

ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக அறிவித்த 1981-இல், சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சில பிள்ளைகளோடு ஆரம்பித்த பணி பள்ளி, மறுவாழ்வு மையம், சிறப்பாசிரியர் பயிற்சி என விரிந்தது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கடையநல்லூர், வடகரை என நம்மவர் நிறைந்து வாழும் ஊர்களுக்கு அருகிலேயே இவ்வளவும் நடந்துள்ளது.

சங்கத்தின் பணிகளுள் நம்மை மிகவும் ஈர்ப்பது சிறு குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சி. கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகின்றனர். இயன்முறை, பேச்சு, செயல்முறைப் பயிற்சியாளர்கள் அவர்களுக்கு வழிகாட்டுகின்றனர். குழந்தையின் முன்னேற்றம் கைப்பேசிச் செயலியில் பதிவாகிறது. குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படிச் சாய்த்து உணவூட்டுவது என்று தாய்க்கே கற்றுத் தருகின்றனர். நாள் முழுதும் குழந்தையோடிருப்பவள் அவளன்றோ!

இதை எழுதும்போது எம் தவறொன்று உறுத்துகிறது. இரண்டு வயதாகியும் உட்காராத பிள்ளையைத் தாயொருத்தி நம் மதரஸாவுக்குக் கொண்டுவந்தாள். தண்ணீர் ஓதிக் கொடுத்து, ஸப்ர் செய்யுமாறு சொல்லி அனுப்பினோம். நோய்க்கு மருந்து தேடுங்கள் என்ற நபிவழியை எத்தனையோ முறை பாடம் நடத்திய நாம், அன்று அதை அவளிடம் சொல்லவில்லை. பயிற்சியாளரிடம் அப்பிள்ளை சென்றது ஐந்து வயதில். தசைகள் இறுகிவிட்டிருந்தன. மூளை விரைந்து வளரும் முதலாண்டுகளிலேயே வந்திருந்தால் இன்னும் பலன் கிடைத்திருக்கும் என்றார்கள். அந்த மூன்றாண்டுகளில் நமக்கும் பங்குண்டு.

இன்று அவன் மக்தபுக்கு வருகிறான். தரையில் சம்மணமிட இயலாததால், நாற்காலியின் உயரத்துக்கு ஏற்ப ஒரு ரேஹால் செய்து வைத்துள்ளோம்.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் வந்துள்ளன. அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். தண்ணீர் ஓதக் கேட்டு வருவோரை நாம் இப்போதும் திருப்பி அனுப்புவதில்லை. ஓதிக் கொடுத்துவிட்டு, மையத்துக்கு என்றைக்குப் போகிறீர்கள் என்று கேட்டு, அந்த நாளைக் குறித்துக்கொள்கிறோம்.