பெருநிறுவன வலைச் செயலி உருவாக்கம்

வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு, அரசுத்துறை போன்ற பெரிய அமைப்புகள் தம் அன்றாட அலுவலை பிரவுசர் வழியே நடத்துவதற்காகக் கட்டும் மென்பொருள் பெருநிறுவன வலைச் செயலி எனப்படும். கடன் விண்ணப்பம், சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் புகார் எல்லாம் இதில் அடங்கும். பார்வைக்கு இது மற்ற இணையதளங்களைப் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால், பல துறைகள் பல காலத்தில் கட்டிய தரவுத்தளங்களைத் தொட்டுவிட்டுத்தான் விடை திரும்பும்.

இத்துறைக்கு அடித்தளமான கருவிகளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999 டிசம்பரில் வெளியிட்ட ஜே2இஇ தரநிலை, 2000-இல் அப்பாச்சியிடம் வந்த ஸ்ட்ரட்ஸ் கட்டமைப்பு, 2002-இல் வந்த மைக்ரோசாஃப்டின் டாட்நெட் ஆகியவை முக்கியமானவை. அக்காலத்தில் எழுதிய செயலிகளில் கணிசமானவை இன்றும் ஓடுகின்றன. பல நிறுவனங்களின் உள்செயலிகள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்ததால், அந்த பிரவுசரை மைக்ரோசாஃப்டால் 2022 ஜூன் 15 வரை விட முடியவில்லை. அதன் பிறகும் அந்நிறுவனம் எட்ஜ் பிரவுசருக்குள் அதற்கென ஒரு தனிப் பயன்முறையை வைத்திருக்கிறது.

புதிதாக நிரல் எழுதுவது இந்தப் பணியில் சிறு பங்குதான். ஒரு திரையில் ஒரு புலத்தைச் சேர்க்க வேண்டுமானால் வணிகப் பிரிவின் ஒப்புதல், தரவுத்தள அணியின் அனுமதி, பாதுகாப்புச் சோதனை, பயனர் ஏற்புச் சோதனை, மாற்றக் குழுவின் கையெழுத்து எல்லாம் வேண்டும். பிறகு ரிலீஸுக்கு ஒதுக்கிய நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனங்களின் செயலிகளைச் சென்னையிலிருந்து பராமரிப்போருக்கு, அமெரிக்கக் கிழக்குக் கரையின் சனிக்கிழமை நள்ளிரவு ஞாயிறு காலை. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் அலுவலகங்களில் ஞாயிற்றுக்கிழமையும் ஆட்கள் உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த நடைமுறைகளை வெறும் சிவப்பு நாடா என்று ஒதுக்குவது நியாயமல்ல. தவறான ஒரு ரிலீஸ் பல லட்சம் பேரின் கணக்கைத் தொடக்கூடியது. ஓர் அமைப்பு கட்டும் மென்பொருள் அந்த அமைப்பின் உள்தொடர்புகளையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். இரண்டு துறைகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால், அவற்றின் செயலிகளும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

எந்தச் செயலி எந்த சர்வரில் ஓடுகிறது, அதற்குள் என்னென்ன இருக்கின்றன, அதற்குப் பொறுப்பு யார் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருப்பதே இத்துறையின் முதல் தேவை. அது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஈக்விஃபேக்ஸ் நிகழ்வே தெளிவான சான்று. அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் கடன்தகவல் நிறுவனம், தன் அறிக்கைகளில் உள்ள பிழைகளை மக்கள் முறையிட ஏசிஐஎஸ் என்ற அமைப்பை வைத்திருந்தது. 1970களில் உருவான அந்த அமைப்பின் வலைவாசல் ஸ்ட்ரட்ஸில் ஓடியது.

2017 மார்ச் 7 அன்று ஸ்ட்ரட்ஸில் ஒரு கடும் ஓட்டை அறிவிக்கப்பட்டது. அதே நாளில் அதை அடைக்கும் பேட்சும் வந்தது. மார்ச் 9 அன்று, 48 மணி நேரத்தில் பேட்ச் போடுமாறு நிறுவனத்துக்குள் 400-க்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் போனது. ஏசிஐஎஸ்ஸில் ஸ்ட்ரட்ஸ் இருப்பதை அறிந்த நிரலாளர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய மேலாளர் இருந்தார். ஆனால் அஞ்சலை அந்த நிரலாளருக்கு அனுப்பவில்லை. ஓட்டையைத் தேடிய ஸ்கேனும் ஸ்ட்ரட்ஸ் இருந்த துணைக்கோப்புறையைத் தொடாமல் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்றது. மென்பொருள் கையிருப்பின் முழுமையான பட்டியல் நிறுவனத்திடம் இல்லை என்று அமெரிக்க செனட் துணைக்குழு பின்னர் பதிவு செய்தது.

மே 13 அன்று ஊடுருவியவர்கள் 76 நாட்கள் உள்ளே இருந்தனர். கடவுச்சொற்கள் மறையாக்கம் இன்றி ஒரு கோப்பில் கிடந்தன. அவற்றைக் கொண்டு, ஏசிஐஎஸ்ஸோடு தொடர்பே இல்லாத 48 தரவுத்தளங்களையும் திறந்தனர். ஏறத்தாழ 9,000 வினவல்கள் ஓடியும் யாருக்கும் தெரியவில்லை. ஏனெனில் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதம் ஆகியிருந்தது. ஜூலை 29 அன்று அதைப் புதுப்பித்த உடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் பறிபோயிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் ஈக்விஃபேக்ஸைத் தாமாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். கடன் கொடுத்த நிறுவனங்கள் வழியே அவர்களின் விவரம் அங்கே போய்ச் சேர்ந்தது. பிறந்த தேதியையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கடவுச்சொல்லைப் போல மாற்றிக்கொள்ள முடியாது என்பதால் அவர்களுக்கு நேர்ந்த இழப்பு பெரிது.

தலைமைச் செயல் அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித் 2017 செப்டம்பரில் பதவி விலகினார். அஞ்சலை அனுப்பத் தவறியதற்காக ஓர் உயர் அதிகாரி நீக்கப்பட்டார். ஒரு மின்னஞ்சலை மறந்ததுதான் காரணம் என்பதை ஏற்க இயலாது. ஒருவரின் மறதியைத் தாங்கும்படி அமைப்பு கட்டப்படவில்லை என்பதே உண்மைக் காரணம். 2019-இல் அமெரிக்க அரசுடன் செய்த உடன்பாட்டின்படி நிறுவனம் குறைந்தது 57.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் இதைப் போன்ற ஓட்டை வெளிப்பட்டபோது, அந்த நூலகம் தங்கள் செயலிகளில் எங்கெங்கே இருக்கிறது என்பதே பல நிறுவனங்களுக்கு முதல் கேள்வியாக இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2021 மே மாதம், அமெரிக்க அதிபரின் ஆணை எண் 14028 மென்பொருளின் உட்கூறுகளைப் பட்டியலிட்டுத் தரும் முறையை அரசுக் கொள்முதலுக்குள் கொண்டுவர வழிவகுத்திருந்தது. பெருநிறுவனம் ஒன்றில் புதிய செயலியைத் தொடங்குவோர் முதல் நாளிலேயே அந்தப் பட்டியலையும் தொடங்கிவிட வேண்டும்.