வெயிலும் ஐஸும்: மன்னார்க் கரையின் மீன் பதனிடல் வரலாற்றில் வெப்பத்தின் இடம்

ஆய்வு நோக்கம்

மன்னார்த் தீவிலும் அதை அடுத்த கரையிலும் பிடிபடும் மீனுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஐஸில் அடுக்கி லொறியேற்றுவது ஒன்று. உப்பிட்டுக் கருவாடாக்குவது மற்றொன்று. முதலாவதற்குக் குளிர் வேண்டும், இரண்டாவதற்கு வெப்பம் வேண்டும். ஐஸ் இயந்திரம் குளிரை ஆக்கும்போதே வெப்பத்தையும் வெளியே தள்ளுகிறது. ஆயினும் இவ்விரு தொழில்களும் இக்கரையில் ஒன்றையொன்று தொடாமலே வளர்ந்தன. இப்பிரிவு தொழில்நுட்பத்தின் கட்டாயத்தால் வந்ததன்று, வரலாற்றுச் சூழலால் விளைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. உப்பின் காலம்

தீவின் வடகரை பாக்கு விரிகுடாவையும் தென்கரை மன்னார் வளைகுடாவையும் நோக்கியுள்ளன. வாடைக்காற்றில் வடகரை கொந்தளிக்கும்; சோளகத்தில் தென்கரை கொந்தளிக்கும். காற்றுக்கேற்பக் கரை மாறிய மீனவருக்கு, எடுத்துச் செல்லக்கூடிய பதனிடல் முறையே ஏற்றது. உப்பும் வெயிலும் அதற்குப் போதுமாயிருந்தன. ஆனால் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும். அம்மாதங்களில், கருவாடு காயவைக்கும் கரையோர வாடியில் விரித்த மீன் காயாமல் புழுவைத்துக் கெடும். கருவாட்டு முறையின் இந்தக் குறை இன்றும் தீரவில்லை.

2. ஐஸ் வந்த வழி

தமிழர் கரைகளுக்கு ஐஸ் முதலில் கப்பல் சரக்காகவே வந்தது. அமெரிக்க வணிகர் பிரெடெரிக் டியூடர் 1833-இல் கல்கத்தாவுக்கு ஐஸ் அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அவ்வணிகத்தின் எச்சம். 1859-இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் பெர்டினான்ட் கரே அமோனியாவும் நீரும் கொண்டு ஐஸ் ஆக்கும் இயந்திரத்தை வகுத்தார். அதை இயக்கியது வெப்பம். வெப்பத்திலிருந்து குளிரைப் பெறலாம் என்பது அப்போதே நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் 1870-களில் ஜெர்மானியர் கார்ல் வொன் லிண்டே செம்மைப்படுத்திய கம்ப்ரஸர் முறையே உலகெங்கும் பரவியது. கம்ப்ரஸருக்கு எஞ்சின் வேண்டும், அல்லது மின்சாரம் வேண்டும்.

1914-இல் தலைமன்னார் ரயில் பாதை திறக்கப்பட்டபோது கொழும்புச் சந்தை ஓரிரவுப் பயணத் தொலைவுக்கு வந்தது. 1958 முதல் இலங்கையில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் பரவின. 1964-இல் இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனம் உருவானது. மன்னார்த் தீவின் பேசாலை போன்ற ஊர்களில் ஒருநாள் பிடிபாடு பெருகியது; இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை கிடைத்தது. அந்தச் சந்தைக்கு ஐஸ் இன்றியமையாததாயிற்று. ஐஸ் தொழிற்சாலை மின்கம்பியையும் லொறிப் பாதையையும் தேடி நின்றது. வாடி மணலையும் வெயிலையும் தேடி நின்றது. பிரிவு இங்கேதான் நிலைபெற்றது.

3. போர்க்காலம்

உள்நாட்டுப் போரால் 1990-இல் ரயில் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் கடலை நம்பி வாழ்ந்தோர் பலர். கடலுக்குப் போவதற்குக் கட்டுப்பாடு, புலிகளின் பகுதிகளுக்கு டீசல் கொண்டுசெல்லத் தடை. டீசல் இல்லாவிடின் படகும் இல்லை, ஐஸும் இல்லை. எரிபொருள் முழுவதும் வெளியிலிருந்து வரும் ஒரு பதனிடல் முறை எவ்வளவு எளிதில் முறியும் என்பதை இக்காலம் காட்டியது. போர் முடிந்த பின்னர், 2015 மார்ச் 14 அன்று தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் ஓடியது.

4. வீணாகும் வெப்பத்தின் கணக்கு

30 பாகை நீர் ஒரு தொன்னை ஐஸாக்க, அதிலிருந்து ஏறத்தாழ 130 கிலோவாட் மணித்தியால வெப்பத்தை அகற்ற வேண்டும். வெப்பநாட்டில் இதற்குச் செலவாகும் மின்சாரம் 60 கிலோவாட் மணித்தியாலம் அளவு. இரண்டும் சேர்ந்து 190 அளவான வெப்பம் குளிரூட்டும் நீரிலும் காற்றிலும் கலந்து போகிறது. ஐஸ் தொழிற்சாலை டீசலில் இயங்கினால் இழப்பு இன்னும் பெரிது. எரிபொருள் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ரேடியேட்டர் நீரிலும், 300 பாகையைத் தாண்டிய புகையிலும் வெளியேறுகிறது.

கம்ப்ரஸர் தள்ளும் வெப்பம் பெரும்பாலும் 40 பாகைக்கு அண்மையது; மிதமான இச்சூடே கருவாட்டுக்குப் பொருத்தம். தொடக்கத்தில் 50 பாகையைத் தாண்டினால் மீன் காயாமல் வெந்துவிடும். மழைநாளில் 25 பாகையும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 50 சதவீத அளவுக்கு இறங்கும். கார்த்திகை மழையில் வாடிக்குத் தேவையான உலர்காற்று இதுதான்.

குளிர்நாடுகள் இப்பாடத்தை முன்பே கற்றுள்ளன. கனடாவின் சமூகப் பனிச்சறுக்கு அரங்குகள் பலவற்றில் பனித்தளத்தை உறையவைக்கும் இயந்திரத்தின் வெப்பமே குளியலறை நீரையும் உடைமாற்றும் அறைகளையும் சூடாக்குகிறது. எரிவாயு எஞ்சினால் மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே பெறும் அரங்குகளும் உண்டு. வெப்பத்தைப் பயன்படுத்தும் இடம் இயந்திரத்துக்கு அருகிலேயே இருப்பதால் அது அங்கே இயல்கிறது.

5. காற்றாலைக்குப் பின்

2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலை தொடங்கியது: 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். அதன் மின்சாரம் தேசிய மின்வலைக்குப் போகிறது. 2025-இல் புதிய கோபுரங்களை எதிர்த்து மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். தம் நிலத்தில் எழும் ஆற்றலால் தமக்கு என்ன பயன் என்று அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. இக்கேள்விக்கு ஐஸ் ஒரு விடையாகலாம்: சோளகம் வலுக்கும் இரவுகளில் ஐஸ் ஆக்கி அடுக்கினால், காற்று ஐஸாகச் சேமிக்கப்படும். காற்று ஓயும் ஐப்பசியில் தேசிய மின்வலை கைகொடுக்க வேண்டும். உலர்த்த வெப்பம் அதிகம் தேவைப்படுவதும் அப்போதே. ஆகவே காற்றாலை மட்டுமே தீர்வாகாது.

முடிவுரை

வாடியையும் ஐஸ் ஆலையையும் பிரித்த காரணங்களுள் மின்கம்பி இல்லாமை இன்று பெரிதும் நீங்கிவிட்டது. எஞ்சியிருப்பது உடைமைப் பிரிவு: ஐஸ் ஒருவருடையது, வாடி இன்னொருவருடையது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ அத்தகைய சங்கங்களின் சமாசமோ இரண்டையும் ஒரே வளவில் நடத்தினால், வீணாகும் வெப்பத்துக்கு அந்த வளவிலேயே பயன் கிடைக்கும். முதற்பயன் மழை மாதங்களில் வருமானம் இழக்கும் வாடித் தொழிலாளருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு. மன்னாரில் இனி அரச நிதியோ உதவி நிதியோ கொண்டு எழும் ஒவ்வொரு ஐஸ் ஆலைத் திட்டத்திலும் உலர்த்தும் கூடம் ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும்.